வெந்தயத் தண்ணீரும் வெறும் வயிறும்

ஆடி மாதம் தண்டையார்பேட்டையில் இருக்கும் என் சித்த மருத்துவ கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தார். வயது 46, எடை 84 கிலோ, சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை. "தினமும் காலையில வெந்தயமும் பட்டையும் கொதிக்கவச்சு குடிக்கிறேன் டாக்டர், எடை குறையல, ஆனா பதினோரு மணியானா கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது" என்றார். காலை டிபனை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார், சர்க்கரை இறங்கிப்போய் வந்த நடுக்கம் அது. அதோடு வெந்தயமும் சேர்ந்தால் சர்க்கரை இன்னும் இறங்கத்தான் செய்யும். நடுக்கம் வந்தால் கொழுப்பு கரைகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பையிலிருந்து பட்டையை எடுத்துக் காட்டினார். தடிமனாக, கெட்டியாக, ஒரே சுருளாக இருந்தது, பிரியாணிக்குப் போடும் கேசியா வகை. மெல்லிய ஏடுகளாக சுருட்டு மாதிரி இருந்து விரலால் நொறுங்கினால் அது இலங்கைப் பட்டை. கேசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம், குழம்புக்கு ஒரு துண்டு போடுவதில் பயமில்லை, ஸ்பூன் ஸ்பூனாக மாதக்கணக்கில் உள்ளே போனால் கல்லீரலுக்கு ஆகாது. குடம்புளியும் அப்படித்தான்: மீன் குழம்பில் போடுவது வேறு, எடை குறைக்க என்று அதன் சாறு அடைத்து விற்கும் கேப்ஸ்யூல் வேறு, அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

சரி, கொள்ளு? நானே சாப்பிடச் சொல்கிறேன். வேகவைக்காத 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம், நார்ச்சத்தும் நிறைய, சீக்கிரம் பசிக்காது. ஆனால் எந்தக் கொழுப்பையும் அது உருக்காது. ராத்திரி ஊறவைத்து வேகவைத்துத் தாளித்த ஒரு கிண்ணம் சுண்டல், சாயங்காலம் சாப்பிடும் பஜ்ஜிக்கோ அத்தோவுக்கோ (பர்மா நூடுல்ஸ்) பதிலாக வரும்போதுதான் எடை அசையும். அத்தோவையும் சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு டம்ளர் கொள்ளு ரசம் குடித்தால் இடுப்பளவு அப்படியே நிற்கும். (பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.)

அப்புறம், லேபிள் இல்லாத மூலிகைப் பொடி. 2011-ல் இந்தியாவில் தடைசெய்த சிபுட்ரமின் என்ற எடை குறைப்பு மருந்தை 'மூலிகை' என்ற பெயரில் கலந்து விற்றுப் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறார்கள், ரத்த அழுத்தத்தை ஏற்றி இதயத்தைப் பாதிக்கும் மருந்து அது. பத்து நாளில் ஐந்து கிலோ குறைந்ததென்றால் சந்தோஷப்படாமல் டப்பாவோடு டாக்டரிடம் வாருங்கள்.

அந்த அம்மாவை அன்றைக்கே அவருடைய சர்க்கரை டாக்டரிடம் அனுப்பினேன், மாத்திரை அளவைக் குறைத்தார். இப்போது காலையில் இரண்டு இட்லி சாப்பிடுகிறார். நடுக்கம் நின்றுவிட்டது, இரண்டு மாதத்தில் ஒன்றரை கிலோ இறங்கியிருக்கிறது.