வயலில் ஜெட் விமானம் விழுந்தால்

2011 ஏப்ரல் கடைசியில் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பயிற்சி ஜெட் விமானம் விழுந்தது, பலருக்கும் ஞாபகம் இருக்கும். விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான பெங்களூரு எச்.ஏ.எல். சோதித்துக்கொண்டிருந்த எச்.ஜே.டி.-36 சிதாரா அது. விமானிகள் இருவரும் இருக்கையோடு வெளியே பாய்ந்து உயிர் தப்பினார்கள். விமானப்படையில் அந்த மாதிரி இருக்கைகளைப் பராமரிப்பதுதான் என் வேலையாக இருந்தது என்பதால், இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

சிதாராவுக்கு முன்னால் கிரண். 1964 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது, மாணவரும் ஆசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் விமானம். நம் போர் விமானிகளில் தலைமுறை தலைமுறையாகப் பலர் ஜெட் பழகியது அதில்தான். அதன் இடத்துக்கு வரவேண்டிய சிதாரா 2003 மார்ச் 7 அன்று பறந்தது. வேகமாக வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் ஸ்பின்னில் மாட்டிக்கொண்டது. வேகம் குறைந்து மூக்கு அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கைமேல் ஓடும் காற்று பிய்ந்துவிடும், அப்போது ஒரு பக்க இறக்கை முதலில் தளர்ந்தால் விமானம் பம்பரம் போலச் சுற்றிக்கொண்டே இறங்கும். அதிலிருந்து மீள்வதைக் கற்றுக்கொடுக்கத்தான் பயிற்சி விமானமே, அதுவே ஒழுங்காக மீளாவிட்டால் மாணவரை எப்படி ஏற்றுவது? வால் பகுதியை மாற்றி அமைத்து, 2019-இல் மறுபடி பறக்கவிட்டு, இடமும் வலமும் ஆறு ஆறு சுற்று சுழன்று மீண்டு காட்டியது 2022 ஜனவரியில்தான். 2025-இல் யஷஸ் என்று பெயரும் மாறியது. இத்தனை வருஷமும் பாரத்தைச் சுமந்தது பழைய கிரண்தான். தாமதம் என்று திட்டுகிறவர்கள் உண்டு, என்னைக் கேட்டால் ஸ்பின் விஷயத்தில் அவசரப்படாததே சரி.

பெங்களூரு பக்கத்தில் இருக்கிறது, நம் தலைக்கு மேல் சோதனை விமானங்கள் பறக்கத்தான் செய்யும். எங்கே விமானம் விழுந்தாலும் போலீஸ் வருவதற்குள் கூட்டம் வந்துவிடுகிறது, எனக்குப் பயம் அங்கேதான்.

முதலில் விமானி. கைப்பிடியை இழுத்ததும் இருக்கையில் உள்ள வெடிமருந்துத் தோட்டா வெடித்து, அப்புறம் ராக்கெட் பற்றி, அவரை இருக்கையோடு மேலே தூக்கி எறியும். அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அவர் உடல் எடையைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு பாரம் முதுகெலும்பில் இறங்குகிறது. எழுந்து நின்று பேசுவார், சிரிக்கக்கூடச் செய்வார், உள்ளே எலும்பு நசுங்கியிருக்கலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இரக்கம் அதிகம், கைத்தாங்கலாக நடக்க வைப்பார்கள், பைக்கில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். சமமான தரையில் நிமிர்ந்து படுக்க வையுங்கள், ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள், 108-க்குச் சொல்லுங்கள். பாராசூட் காற்றில் இழுத்தால் மட்டும் துணியை மடக்கிப் பிடியுங்கள்.

அடுத்தது அந்த இருக்கை. விமானம் ஓரிடத்தில் கிடந்தால் அது தள்ளி வேறொரு காட்டில் கிடக்கும். பார்க்க இரும்பு நாற்காலிதான், ஆனால் எல்லாத் தோட்டாவும் வெடித்துத் தீர்ந்துவிட்டதா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. விமானம் தரையில் நிற்கும்போதுகூட, சிவப்புப் பட்டை தொங்கும் பாதுகாப்பு ஊசிகள் எல்லாம் செருகியிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் நாங்கள் காக்பிட்டுக்குள் கையையே விடுவோம். விழுந்த இருக்கைக்கு ஊசி கிடையாது. விமானி வெளியேறாமல் விழுந்த விமானமென்றால் இன்னும் மோசம், முழு வெடிமருந்தும் உள்ளேயே இருக்கும். எரிகிற பாகங்களின் புகையும் நல்லதல்ல, காற்று வரும் திசையில் நில்லுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

அப்புறம் உடைந்த துண்டுகள். எது எங்கே விழுந்தது, எந்தப் பக்கம் வளைந்தது என்பதை வைத்துத்தான் எந்தப் பாகம் முதலில் கைவிட்டது என்று விசாரணைக் குழு கண்டுபிடிக்கிறது. ஒரு சின்ன வால்வு காணாமல் போனாலும் காரணம் தெரியாமலே போகலாம், அதே குறையோடு அடுத்த விமானம் பறக்கும். போட்டோ எடுப்பதென்றால் தூரத்திலிருந்து எடுங்கள், அது விசாரணைக்கும் உதவும். ஏற்கெனவே யாராவது ஞாபகத்துக்கென்று எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால், இடத்தைக் குறித்துக்கொண்டு பக்கத்து ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டாம், அவர்களே வந்து வாங்கிக்கொள்வார்கள்.