பெட்டிக்குள் ஒரு யூனிட்

வடசென்னையில் பவர் ஸ்டேஷன் என்றால் அத்திப்பட்டு புகைபோக்கிதான். இப்போது கைப்பிடி வைத்த பேட்டரிப் பெட்டியையும் அதே பெயரில் விற்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தவர்களுக்கு அதன்மேல் ஆசை வருவது நியாயம்தான். எந்த அளவு வாங்குவது?

அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும். வாட் அவர் என்பது உள்ளே உள்ள சேமிப்பு. 1000 வாட் அவர், இ.பி. கணக்கில் ஒரு யூனிட். வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு தர முடியும் என்பது. லாரித் தண்ணீர் பிடித்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்: டிரம் வேறு, குழாய் வேறு. வெறும் 80,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். அது 80 ஆம்பியர் அவர். செல் 3.7 வோல்ட் என்றால், இரண்டையும் பெருக்கினால் 296 வாட் அவர்தான்.

அதையே 300 என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியின் டிசி கரண்டை வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி கரண்டாக மாற்றுவதில் சுமார் 15 சதவீதம் சூடாகவே போய்விடும். மிச்சம் 255. அதில் 50 வாட் டேபிள் ஃபேன் ஐந்து மணி நேரம் ஓடும். (சீலிங் ஃபேனை இதில் சொருக முடியாது என்பது சிலருக்கு வாங்கிய பிறகுதான் உறைக்கும்.) கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் வைத்த 30 வாட் டேபிள் ஃபேன் என்றால் எட்டு மணி நேரம், கிட்டத்தட்ட விடியும்வரை.

ஃபிரிட்ஜ் வேறு கதை. ஓடும்போது 150 வாட்தான். ஆனால் சாதாரண கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். சின்னப் பெட்டி கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். அந்த நொடியில் தாங்கும் உச்ச அளவான சர்ஜ் வாட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால் சராசரி 50 வாட் என்று வைத்தால், 1000 வாட் அவர் பெட்டி, அதே 15 சதவீதம் போக, 17 மணி நேரம் தாங்கும்.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று: டிசியை ஏசியாக மாற்ற உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் தின்னும், பல பெட்டிகளில் 10 வாட்டுக்கு மேல். 10 வாட் வைஃபை ரவுட்டருக்காக ராத்திரி முழுக்க ஏசி பட்டனைப் போட்டு வைத்தால், ரவுட்டர் சாப்பிடும் அளவைப் பெட்டியே சாப்பிட்டுவிடும். போனை யூஎஸ்பியிலும், 12 வோல்ட் ரவுட்டரை டிசி துளையிலும் மாட்டுவதே புத்திசாலித்தனம்.

பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டா என்று பாருங்கள். 3000 முறை போல சார்ஜ் தாங்கும். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி வகை லித்தியம் பேட்டரி அதில் பாதிகூட வராது, சூட்டையும் அவ்வளவாகத் தாங்காது. பாஸ்பேட்டில் எடைதான் கொஞ்சம் கூடுதல்.

எடை என்றதும் ஒன்று. 1000 வாட் அவர் பெட்டி 10 கிலோவுக்கு மேல், 2000 என்றால் 20 கிலோவை ஒட்டி வரும். முழங்கால் தண்ணீரில் அதை மாடிக்குத் தூக்கப்போவது யார் என்று வீட்டில் கேட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள்.