‘முறையான விமர்சனம்’ வேண்டாம், ‘வரைமுறைத் திரட்டாய்வு’ போதும்

சுகாதாரப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றில், கை கழுவுவது பற்றிய பகுதியில், மறுபடியும் அதே சொல்லைப் பார்த்தேன்: ‘முறையான விமர்சனம்’. சிஸ்டமேட்டிக் ரிவியூ என்பதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். பயிற்சிக்கு வந்திருந்த செவிலியர் ஒருவர், “கை கழுவச் சொல்வதை யார் விமர்சிக்கிறார்கள்?” என்று கேட்டார். அவர் மேல் தவறே இல்லை.

ரிவியூ என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மறுபடி பார்ப்பது என்று பொருள். சிஸ்டம் கிரேக்கச் சொல், ஒன்றுசேர்த்து நிறுத்துவது. வேர் இவ்வளவே. துறையில் அது குறிக்கும் வேலைதான் பெரிது. ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று முன்கூட்டியே எழுதிவைத்து, கிடைக்கும் ஆய்வுகளையெல்லாம் தேடி, ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று எடைபோட்டு, மொத்தத்தில் தெரிவதைச் சொல்வது. மருத்துவத்துறை இப்படித் தொகுத்து வைக்கவில்லையே என்றுதான் 1979இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் கடிந்துகொண்டார். அவர் பெயரால் 1993இல் தொடங்கிய அமைப்பின் இலச்சினையைப் பாருங்கள். குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்மாருக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த ஏழு சோதனைகள் அதில் கோடுகளாக நிற்கும். தனியே பார்த்தால் பெரும்பாலான கோடுகள் உறுதியாக ஒன்றும் சொல்லாது. சேர்த்துப் பார்த்தால்தான் சிசு மரணம் குறைவது தெரியும்.

இதில் விமர்சனம் எங்கே வந்தது? ‘முறையான’ என்பதும் சரியில்லை. முறையான அனுமதி, முறையான அறிவிப்பு என்கிறோம். அங்கெல்லாம் அது ‘தகுந்த’ என்ற பொருளில் வருகிறது. அப்படியானால் மற்ற ஆய்வுகள் முறைகேடானவையா? ‘முறைசார்’ என்று சிலர் திருத்துகிறார்கள். ‘முறைசாரா’ என்பது கல்வியிலும் தொழிலிலும் வேறு பொருளில் ஊன்றிவிட்டதால், அதன் எதிர்ச்சொல்லாகவே இதுவும் காதில் விழும். ‘திறனாய்வு’ இலக்கியத்துக்கு உரியதாகிவிட்டது. ‘மீளாய்வு’ கொஞ்சம் தேவலை. ஆனால் எடுத்த முடிவைத் திரும்பச் சரிபார்ப்பதற்கும் அதையே சொல்கிறோம். எல்லாவற்றையும் தேடிச் சேர்த்தார்கள் என்ற உயிர்நாடி அதில் இல்லை.

‘வரைமுறைத் திரட்டாய்வு’ என்பதே என் துணிபு. முன்பே வரைந்த முறை, தேடித் திரட்டுதல், ஆய்தல் என மூன்றும் அதில் இருக்கின்றன. ஆய்தல் என்றாலே நுணுக்கமாக்குதல் என்று தொல்காப்பியம் சொல்கிறது. பூவை ஆய்ந்தெடுப்பதும் அதே வினைதான். மெட்டா அனாலிசிஸ் என்பது முடிவுகளை எண்ணால் இணைக்கும் கணக்கு. அது திரட்டாய்வுக்குள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது பிழை.

பெயரில் தொடங்கும் பிழை உள்ளேயும் பரவுகிறது. திரட்டாய்வுகளை இலவசமாகத் திறந்துவைத்தாலும், களத்தில் இருப்பவர் படிப்பது மொழிபெயர்ப்பாளர் எழுதும் எளிய சுருக்கத்தைத்தான். மூலத்தில் ‘பலன் உண்டென்று காட்டப் போதிய சான்று இல்லை’ என்று இருக்கும். தமிழில் அது ‘பலன் இல்லை’ என்று சுருங்கிவிடுகிறது. முன்னது, இன்னும் தெரியவில்லை என்பது. பின்னது, தெரிந்துவிட்டது என்பது. அந்த ஒரு வரியை நம்பி, நடந்துகொண்டிருக்கும் திட்டத்தை ஒரு சுகாதார அலுவலர் நிறுத்திவிடக்கூடும். எழுதியவர் மூலத்தின் முடிவுப் பகுதியை ஒருமுறை முழுதாகப் படித்திருந்தால் அந்த வரி அப்படி வந்திருக்காது.