வைட்டமின் டி மாத்திரை எடையைக் குறைக்காது

போன வாரம் என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் அம்மா கைப்பையிலிருந்து ஒரு கட்டு காலி மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாம் 60,000 யூனிட் வைட்டமின் டி. வாரம் ஒன்று போட வேண்டியதை இரண்டு மாதமாகத் தினம் ஒன்று போட்டிருக்கிறார். ஓயாத வாந்தி, தாகம், மலச்சிக்கல். வைட்டமின் டி மிஞ்சியதால் ரத்தத்தில் கால்சியம் அளவுமீறி 13-ஐத் தாண்டிவிட்டது.

"ஏம்மா தினமும் போட்டீங்க?"

"வெயிட்டும் குறையும்னு சொன்னாங்க டாக்டர்."

இந்த வருஷம் இது மூன்றாவது ஆள். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

வைட்டமின் டி குறைந்ததால் உடம்பு போடுவதில்லை. உடம்பில் கொழுப்பு கூடியதால்தான் ரத்தத்தில் வைட்டமின் டி குறைகிறது. இது கொழுப்பில் கரைகிற சத்து. கொழுப்பு அதை வாங்கி வைத்துக்கொள்ளும். 2013-ல் ஆய்வாளர் விமலேஸ்வரன் குழு 42,000 பேரின் மரபணுத் தகவலை வைத்துப் பார்த்ததும் இதைத்தான். எடை கூடினால் டி குறைகிறது. டி குறைவதால் எடை கூடுவதாகத் தெரியவில்லை. அப்புறம் மாத்திரை எப்படி எடையைக் குறைக்கும்?

"நான் குண்டே இல்லையே, எனக்கு ஏன் டி குறைவு?" என்பார்கள். அந்த அம்மாவும் 58 கிலோதான். ஆனால் எடை மெஷினுக்குக் கொழுப்பு எது, தசை எது என்று தெரியாது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-ல் தங்கள் உடம்பையே சாட்சியாக வைத்தார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் உடல்வாகு அப்படி. அதனால்தான் நமக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே அதிக எடை என்கிறோம். போதாததற்கு, கறுத்த தோல் வைட்டமின் டி உண்டாக்க வெயிலும் கூடுதலாக வேண்டும்.

ரிப்போர்ட்டில் எண் குறைந்தாலே நோய் என்றும் இல்லை. அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு ரத்தத்தில் வைட்டமின் டி அளவு வெள்ளையரைவிடக் குறைவு. எலும்பு அடர்த்தியோ அதிகம்.

முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 தாண்டக் கூடாது. 60,000 யூனிட் என்றால் வாரம் ஒன்றுதான், அதுவும் டாக்டர் சொன்ன வாரங்கள் வரை. கிழமையை அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். பழைய சீட்டைக் காட்டித் திரும்ப வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

அந்த அம்மாவுக்கு டிரிப் ஏற்றிக் கால்சியத்தை இறக்கிவிட்டோம். கொழுப்பில் தேங்கிய வைட்டமின் டி மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். இன்னும் சில மாதம் அவர் ரத்தப் பரிசோதனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும்.