நடுவரைத் திட்டும் முன் ரக்கைக் கொஞ்சம் பாருங்கள்

ரக்பி நடுவர்களை மதிப்பிடுவது என் வேலை. ஒவ்வொரு போட்டியையும் இரண்டு தடவை பார்ப்பேன்: மைதானத்தின் ஓரத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒரு தடவை, அப்புறம் வீடியோவில் நிறுத்தி நிறுத்தி இன்னொரு தடவை. முதல் தடவை "இது தவறான தீர்ப்பு" என்று அடித்துச் சொன்ன சில இடங்களை இரண்டாவது தடவை பார்த்துவிட்டு, எழுதிய குறிப்பைச் சத்தமில்லாமல் அடித்திருக்கிறேன். அதனால்தான் ஒவ்வொரு பெரிய போட்டிக்குப் பிறகும் "நடுவர் விலைபோய்விட்டார்" என்று ஆரம்பிக்கும் பேச்சில் என்னால் சட்டென்று சேர்ந்துகொள்ள முடிவதில்லை.

அதற்காக நடுவர்கள் தவறே செய்யாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. 2015 உலகக் கோப்பை காலிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். டுவிக்கன்ஹாமில் ஆஸ்திரேலியாவும் ஸ்காட்லாந்தும் மோதின. ஸ்காட்லாந்து 34-32 என்று முன்னிலையில் இருக்கிறது, ஆட்டம் முடியப்போகிறது. அந்த நேரத்தில் ஒரு ஸ்காட்லாந்து வீரர் ஆஃப்சைடில், அதாவது தன் அணி வீரர் கடைசியாகத் தொட்ட பந்துக்கு முன்னால், நின்று பந்தைப் பிடித்தார் என்று நடுவர் கிரெய்க் ஜூபெர் பெனால்டி (கோலுக்கு உதைத்தால் மூன்று புள்ளி) கொடுத்தார். பெர்னார்ட் ஃபோலி அதை உதைத்தார், ஆஸ்திரேலியா 35-34 என்று ஜெயித்தது. இறுதி விசில் ஊதியதும் ஜூபெர் மைதானத்தை விட்டு ஓடியதுதான் பலருக்கும் நினைவிருக்கும். இடையில் ஓர் ஆஸ்திரேலிய வீரரின் கை பந்தில் பட்டிருந்ததால் அது பெனால்டி இல்லை, முதலில் நடந்த நாக்-ஆனுக்கு (பந்து கையில் பட்டு முன்னே போவது) ஆஸ்திரேலியாவுக்கு ஸ்க்ரம்தான் (இரு அணி முன்வீரர்களும் தோள் கோத்து முட்டிப் பந்துக்குப் போராடுவது) கொடுத்திருக்க வேண்டும் என்று மறுநாள் விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்ட் ரக்பி அறிவித்தது. அப்போதிருந்த நெறிமுறைப்படி அந்த மாதிரித் தீர்ப்புக்கு வீடியோ நடுவரைக் கேட்கவும் வழியில்லை.

இரண்டு வருடம் கழித்து, 2017இல், ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் நியூசிலாந்துக்கும், பிரிட்டன்-அயர்லாந்து வீரர்களின் கூட்டு அணியான லயன்ஸுக்கும் மூன்றாவது டெஸ்ட். 15-15, கடைசி நிமிடங்கள். லயன்ஸ் வீரர் ஒருவர் கையில் பட்டு முன்னே போன பந்தை, ஆஃப்சைடில் நின்ற கென் ஓவன்ஸ் பிடித்து உடனே கைவிட்டார். நடுவர் ரொமைன் புவாத் முதலில் பெனால்டி கொடுத்தார், அப்புறம் சக நடுவர்களோடு பேசிவிட்டு, தற்செயலான ஆஃப்சைடு என்று ஸ்க்ரமாக மாற்றினார். தொடர் சமனில் முடிந்தது. ஏறக்குறைய ஒரே மாதிரிச் சூழல், கிட்டத்தட்ட ஒரே விதி, இரண்டு வெவ்வேறு முடிவுகள். என்னைக் கேட்டால் இந்த ஜோடிதான் கவலைக்குரியது. தனியாக ஒரு தவறு நடப்பது மனித இயல்பு. ஒரே செயலை வாரத்துக்கு வாரம், ஆளுக்கு ஆள் வேறு வேறாகப் படிப்பதைத்தான் வீரர்களால் தாங்க முடிவதில்லை.

இதையெல்லாம் விட பெரிய விஷயம் ரக்: பந்தோடு ஓடுகிறவரை டேக்கிள் செய்ததும் (பிடித்து வீழ்த்தியதும்), தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் அதன் மேல் நின்று முட்டிக்கொள்வது. டேக்கிள் செய்தவர் பிடியை விட்டு உருண்டு விலக வேண்டும், விழுந்தவர் பந்தை விட வேண்டும், வருகிறவர்கள் பக்கவாட்டில் புகாமல் பின்னாலிருந்து வர வேண்டும், பந்தைப் பறிக்கக் குனிகிறவர் தன் கால்களில் நிற்க வேண்டும். இத்தனையும் இரண்டு மூன்று நொடிக்குள் நடக்கிறது, ஒரு சர்வதேசப் போட்டியில் 100 தடவைக்கு மேல் நடக்கிறது. விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதிக்கு மேற்பட்ட ரக்கில் ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடிக்கலாம், எல்லாவற்றுக்கும் ஊதினால் ஆட்டமே இருக்காது. அதனால் நடுவர் தேர்ந்தெடுக்கிறார்: எது ஆட்டத்தைப் பாதித்தது, எது பாதிக்கவில்லை என்று. நியாயம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தத் தேர்வில்தான் இருக்கிறது, ஆனால் அதை யாரும் ரீப்ளே போட்டுக் காட்டுவதில்லை. ஸ்க்ரம் சரிந்தால் யார் சரித்தது என்பதில் இன்னும் கொஞ்சம் ஊகம் கலந்திருக்கும். நடுவருக்கு ஒரு பக்கம்தான் தெரியும், முன்னேறிக்கொண்டிருக்கும் அணிக்குச் சாதகமாகவே கை போகும். (ஸ்க்ரமின் முன்வரிசையில் ஆடியவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள் என்று தெரியும்.)

சார்பு என்று ஒன்று இருந்தால், அது லஞ்சம் மாதிரி அப்பட்டமாக இருக்காது, வசதி மாதிரி மெல்ல வரும். நடுவரிடம் பேசும் உரிமை கேப்டனுக்குத்தான். நடுவரின் மொழியைச் சரளமாகப் பேசி, சிரித்து, "அந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்லத் தெரிந்த கேப்டனுக்கும், திக்கித் திணறி இரண்டு வார்த்தையில் கேட்கும் கேப்டனுக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருப்பதில்லை; ஹெட்செட்டில் இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 2023 உலகக் கோப்பையில் விசில் பிடித்த 12 நடுவர்களில் பெரிய ரக்பி நாடுகளுக்கு வெளியிலிருந்து வந்தவர் ஜார்ஜியாவின் நிகா அமாஷுகெலி ஒருவர்தான், நான்கு பேர் இங்கிலாந்துக்காரர்கள். யாரும் சதி செய்யவில்லை. ஆனாலும் இந்தக் கணக்கு நன்றாக இல்லை.

வீடியோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அதே 2023இன் இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்கா 12-11 என்று நியூசிலாந்தை வென்றது. நியூசிலாந்து கேப்டன் சாம் கேனின் மஞ்சள் அட்டை பங்கரில் (மைதானத்துக்கு வெளியே வீடியோவை மறுபரிசீலனை செய்யும் அறை) பார்க்கப்பட்டு சிவப்பாக மாறியது, தென்னாப்பிரிக்க கேப்டன் சியா கொலிசியின் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. இரண்டும் தலையில் மோதல்தான். ஆனால் வேகம், உடல் தாழ்ந்திருந்த விதம், எதிராளி திடீரென்று குனிந்தாரா என்பதையெல்லாம் பார்த்துத்தான் தண்டனையைக் குறைக்கிறார்கள் என்பதை ரசிகனுக்கு யாரும் விளக்கவில்லை. நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித்தின் ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது), அதற்கு முன் லைன்அவுட்டில் (வெளியே போன பந்தை ஓரக்கோட்டிலிருந்து உள்ளே எறிவது) நடந்த நாக்-ஆனுக்காக ரத்தானது. நாக்-ஆன் நடந்தது உண்மை, ஆனால் வீடியோ நடுவர் அவ்வளவு பின்னால் போய்ப் பார்க்க விதியில் இடமில்லை. தீர்ப்பு சரி, வழிமுறை தப்பு. இதை என் பயிற்சி வகுப்பில் விவாதத்துக்கு வைத்தால் ஒரு மணி நேரம் போதாது.

அந்தப் போட்டியின் நடுவர் வெய்ன் பார்ன்ஸ் 111 டெஸ்டுகளோடு சில நாட்களில் ஓய்வை அறிவித்தார், தன் குடும்பத்துக்கு வந்த மிரட்டல்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். வீடியோ நடுவர் டாம் ஃபோலியும் சர்வதேசப் பணியிலிருந்து ஒதுங்கினார். 2021இல் தென்னாப்பிரிக்க ரக்பியின் இயக்குநர் ராசி எராஸ்மஸ் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் வீடியோவில் நடுவர் நிக் பெர்ரியின் தீர்ப்புகளைப் பிரித்துப் போட்டுத் தடைக்கு ஆளானதும் நினைவிருக்கும். அதில் சில சுட்டல்கள் நியாயமானவை என்று நினைக்கிற ஆள்தான் நான். அதை மதிப்பீட்டு அறையில் சொல்வது வேறு, ஊரைக் கூட்டிச் சொல்வது வேறு.

சரி, ரசிகராக நீங்கள் என்ன செய்யலாம்? அடுத்த போட்டியில் முதல் 20 நிமிடம் ரக்கில் எதற்கு விசில் ஊதுகிறார், எதை விட்டுவிடுகிறார் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். அணியின் பெயரை எழுதாதீர்கள், குற்றத்தை மட்டும் எழுதுங்கள். 70ஆவது நிமிடத்தில் அதே குற்றத்துக்கு அதே விசில் வருகிறதா என்று பாருங்கள். பெனால்டி எண்ணிக்கை 12-5 என்று இருப்பதால் மட்டும் கொதிக்காதீர்கள், சில அணிகள் நிஜமாகவே 12 தப்பு செய்கின்றன. தாளில் உள்ளதும் கடைசியில் நடந்ததும் ஒத்துப்போகவில்லை என்றால் தாராளமாக எழுதுங்கள், எந்த நிமிடம், எந்த ரக் என்று குறிப்பிட்டு. அப்படி எழுதினால் நானும் உட்கார்ந்து அந்த வீடியோவை மூன்றாவது தடவை பார்ப்பேன்.