தேங்கிய நீரில் தாகம்

கூடலூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "கேரளாவிலிருந்து குளவெட்டி நாற்று கொண்டுவந்து வயலோரம் நட்டோம். சதுப்பு மரம் என்றுதானே சொன்னார்கள்? ஆடி மழையில் தண்ணீர் நின்ற பத்தே நாளில் இலையெல்லாம் தொங்கிவிட்டது. ஏன்?"

குளவெட்டி, நாவல் மரத்துக்குப் பங்காளி. 1918-இல் தாவரவியலாளர் கேம்பிள் அதற்கு சைசீஜியம் டிராவன்கோரிக்கம் என்று பெயரிட்டார். கேரளத் தாழ்நிலச் சதுப்புகளிலும், திருச்சூர் மாவட்டத்துக் கலசமலைக் காவு (கோயில் காடு) போன்ற இடங்களிலும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அற்றுப்போகும் விளிம்பில் நிற்கும் இனம்.

வேரும் மூச்சு விடும் என்பது பள்ளிப் பாடம். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 8 தான். அதுவும் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் ஓரிரு நாளில் இருப்பைத் தீர்த்துவிடும். பிறகு அவை ஆக்சிஜனுக்குப் பதில் மண்ணிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ள, மண் நீலச்சாம்பல் நிறமாகிறது. நாள்பட்டால் அழுகிய முட்டை நாற்றமும் வரும்.

மூச்சடைத்த வேரில் செல்சாறு புளிப்பேறுகிறது. நீரை உள்ளே விடும் புரத வாய்கள் மூடிக்கொள்கின்றன. கழுத்தளவு தண்ணீரில் நின்றும் செடி தாகத்தில் வாடுகிறது. உங்கள் நாற்றின் இலை தொங்கியதற்கு இதுதான் காரணம். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது.

அப்படியானால் சதுப்பு மரம் எப்படிப் பிழைக்கிறது? வாழைக்காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை வேர்களும் எந்நேரமும் கொஞ்சம் சுரக்கின்றன. காய்ந்த மண்ணில் அது இடுக்குகள் வழியே போய்விடும். தண்ணீர் சூழ்ந்தால் போக வழியில்லை, வேருக்குள்ளேயே சேர்கிறது. ஆக்சிஜனை மறித்த அதே தண்ணீர்தான் எத்திலீனையும் மறிக்கிறது. வேருக்கு வெள்ளச் செய்தி இப்படித்தான் எட்டுகிறது. உடனே வேரின் புறணியில் (தோலுக்கு உள்ளேயுள்ள அடுக்கில்) சில செல்கள் தாமாகச் செத்துக் கரைகின்றன. அவை இருந்த இடம் நீளமான காற்றுக் குழாயாகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டுப் பட்டையிலுள்ள துளைகள் பொரி போல வெள்ளையாக உப்பிக் காற்றை வாங்கி அந்தக் குழாய்க்கு அனுப்புகின்றன. வேர்நுனியில் கசியும் ஆக்சிஜன் சுற்றியுள்ள இரும்பைத் துருவாக்கிவிடும். நெல்லைப் பிடுங்கியவர்கள் அந்தச் செம்பழுப்பு வேரைப் பார்த்திருப்பார்கள். நச்சு இரும்பு உள்ளே நுழையாமல் தடுக்கும் உறை அது. கேரளத்துக் குளத்துப்புழையின் காட்டுஜாதிக்காய்ச் சதுப்புகளில் இன்னொரு வேடிக்கை: வேர் சேற்றுக்கு மேலே வந்து, முழங்கால் போல மடங்கி, மறுபடி உள்ளே போகும். காற்று வாங்குவது அந்த முட்டியில்.

இந்தக் கட்டுமானம் முடியப் பல நாள் பிடிக்கும். தினமும் நீர் வடிந்த நாற்றுப்பையில் வளர்ந்த உங்கள் செடிக்குக் குழாய் இல்லை, வெள்ளமோ ஓர் இரவில் வந்துவிட்டது. அடுத்த முறை பையை ஒரு தட்டில் வைத்து அடியில் 3 சென்டிமீட்டர் தண்ணீர் விடுங்கள். வாரம் ஒருமுறை கொஞ்சம் ஏற்றி, ஒரு மாதத்தில் பையின் பாதி உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்டடியில் வெள்ளைப் பொரியும் புது வேரும் தெரிந்தால் செடி தயார். ஆடி மழை அடங்கிய பிறகு, ஓரடி மேட்டில் நடலாம். தண்டடியில் சேற்றை அணைத்தால் அந்தத் துளைகள் அடைபடும். பலர் தவறுவது இங்கேதான். விதையிலிருந்து வளர்ப்பதானால் காயவைக்க வேண்டாம், காய்ந்தால் முளைக்காது.

கோத்தகிரி லாங்வுட் சோலை 2024-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது, மகிழ்ச்சி. ஆனால் ஒரு சதுப்பின் சேற்றில் மாதாமாதம் ஆக்சிஜன் அளக்க ஓர் ஆய்வாளருக்குச் சம்பளம் கேட்டுப் பாருங்கள், புலிக்கென்றால் திறக்கும் பணப்பெட்டி இதற்குத் திறக்காது.

ஒரு சொந்தக் கருத்து. குளவெட்டி தாழ்நிலத்து மரம். அதைக் காப்பாற்ற வேண்டிய இடம் அதன் சதுப்புதான். உங்கள் வயலோரத்துக்கு, ஆற்றங்கரையில் வளரும் வில்லோ வகை மரமான ஆற்றுப்பாலை போதும். கட்டைவிரல் பருமனில், ஒன்றரை அடிக்கு ஒரு கிளையை வெட்டி ஈரமண்ணில் பாதி வரை செருகுங்கள். பெரும்பாலும் தானே வேர்விடும்.