இன்ஃப்ளூயன்சர்: சொல் விளக்கம்

சமூக ஊடகத்தில் தன்னைப் பின்தொடர்பவர்களிடம் ஒரு கடையைப் பற்றியோ சரக்கைப் பற்றியோ பேசி, அவர்களை வாங்க வைக்கக்கூடியவர் இன்ஃப்ளூயன்சர். அப்படிப் பேசுவதற்குக் கடைக்காரரிடம் பணமோ சரக்கோ வாங்கிக்கொள்கிறார் என்பதும் இன்றைய அர்த்தத்தில் அடக்கம். இந்தப் பின்பாதியைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தமிழில் இதற்கு நிலையான சொல் இன்னும் அமையவில்லை. செய்தித்தாள்கள் 'இன்ஸ்டா பிரபலம்' என்று எழுதுகின்றன. மொழிபெயர்ப்பாளர்கள் 'தாக்கம் ஏற்படுத்துபவர்' என்கிறார்கள். 'செல்வாக்காளர்' என்பதும் அங்கங்கே தென்படுகிறது. கடைக்காரர்களைக் கேட்டால், 'ப்ரமோஷன் பண்றவங்க' என்று முடித்துவிடுவார்கள். இத்தனை பேரில் உள்ளதை உள்ளபடி சொல்பவர் கடைக்காரர்தான் என்பது என் எண்ணம். ஆனாலும் அதைத் தலைப்பில் போட முடியாதே.

மூலம் லத்தீன். 'இன்ஃப்ளுவெரே' என்றால் உள்ளே பாய்தல். விண்மீன்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று மனிதருக்குள் பாய்ந்து, அவர் குணத்தையும் விதியையும் மாற்றுகிறது என்று இடைக்கால ஐரோப்பியச் சோதிடர்கள் நம்பினார்கள். அந்தப் பாய்ச்சலுக்குப் பெயர்தான் இன்ஃப்ளூயன்ஸ். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது சோதிடச் சொல்லாகவே வந்தது. நம் சனிப்பெயர்ச்சிப் பலனுக்கு ஏறக்குறைய சொந்தக்காரச் சொல். இத்தாலியர்கள் கொள்ளைநோய்களையும் விண்மீன்களின் வேலை என்று எண்ணி 'இன்ஃப்ளூயன்சா' என்றார்கள். 1743இல் ரோமில் பரவிய காய்ச்சலோடு அந்தப் பெயர் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, பிறகு தேய்ந்து 'ஃபுளூ' ஆனது. ஆக, ஃபுளூ காய்ச்சலும் இன்ஃப்ளூயன்சரும் ஒரு தாய் மக்கள். வலைவாசிகள் இதைக் கேட்டால் பொருத்தம்தான் என்பார்கள்.

காலப்போக்கில் விண்மீன் மறைந்தது, மனிதருக்கு மனிதர் பாயும் சக்தி என்ற அர்த்தம் நின்றது. 'இன்ஃப்ளூயன்சர்' என்ற வடிவமே 1660களிலிருந்து ஆங்கிலத்தில் உண்டு. ஆனால் அப்போது அது யாருக்கும் பிழைப்பு இல்லை. காசு வாங்கிக்கொண்டு பேசுபவர் என்ற வணிக அர்த்தம் மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்குள் ஏறியது 2019இல்தான்.

சொல்தான் புதுசு, தொழில் பழசு. இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற மட்பாண்டக்காரர், 1765இல் சார்லட் அரசியிடமிருந்து வந்த தேநீர்ப் பாத்திர ஆர்டரை முடித்துக் கொடுத்தார். அப்புறம் அந்த வகைப் பாத்திரத்துக்கே 'அரசியின் பாண்டம்' என்று பெயர் வைத்து விற்றார். இந்தியாவில் 1941இல் நடிகை லீலா சிட்னிஸ் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் முகம் காட்டினார். அதன்பின் வந்த நடிகைகளின் வரிசை நீளம். ஆனால் அரசியும் நடிகையும் எட்டாத உயரத்தில் இருப்பவர்கள். அவர்களைப் பார்த்து ஆசைப்படலாம், 'இந்தச் சோப்பு என் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா?' என்று கேட்க முடியாது.

கேட்க முடிகிறவரின் பேச்சுக்குத்தான் எடை அதிகம் என்பதை ஆய்வாகக் காட்டியவர்கள் அமெரிக்கச் சமூகவியலாளர்கள். 1940 அதிபர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டின் குழு வாக்காளர்களைத் தொடர்ந்து கவனித்தது. வானொலியும் செய்தித்தாளும் மக்கள் மனத்தை நேராக மாற்றிவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. கண்டதோ வேறு. ஊரில் சிலர் செய்திகளைக் கூர்ந்து கவனிக்கிறார்கள், மற்றவர்கள் அந்தச் சிலரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். பிறகு எலிஹு காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் நடந்த ஆய்வை 1955இல் வெளியிட்டார்கள். பெண்கள் மளிகை, உடை, சினிமா பற்றியெல்லாம் யார் பேச்சைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள் என்று அதில் பார்த்தார்கள். பல நேரங்களில் அந்த 'யார்', தங்களைப் போலவே இருக்கும் இன்னொரு பெண். இன்ஸ்டாகிராமுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இன்ஃப்ளூயன்சரின் இலக்கணம் எழுதப்பட்டுவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். 'செல்வாக்கு' என்ற சொல்லைச் செல்வத்தோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது பிழை. செல் + வாக்கு, அதாவது செல்லும் வாக்கு. இங்கே 'செல்லும்' என்பதற்கு நடந்து போகும் என்று அர்த்தம் இல்லை. 'இந்த நோட்டு செல்லும்' என்கிறோமே, அந்தச் செல்லும். 2016 நவம்பர் 8 இரவுக்குப் பிறகு 'செல்லாது' என்ற சொல்லை எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு செல்லுமா என்பது அதை நீட்டுபவர் கையில் இல்லை, வாங்குபவர் ஏற்பதில் இருக்கிறது. வாக்கும் அப்படியே. கேட்பவர் ஏற்றால்தான் அது செல்லும் வாக்கு. 'அவர் பேச்சு அங்கே செல்லும்' என்று இன்றும் சொல்கிறோம். எதிர்ப்பக்கத்தைப் பழமொழி சொல்கிறது: ஏழை சொல் அம்பலம் ஏறாது.

சொல்லோடு 'செல்' சேர்வது நேற்றைக்கு வந்த வழக்கும் இல்லை. திருக்குறளில் 'செலச்சொல்லுதல்' பல இடங்களில் வருகிறது. 'எண்பொருள வாகச் செலச்சொல்லி' என்கிறது 424ஆம் குறள். கேட்பவருக்கு எளிதாக விளங்கி மனத்தில் பதியும்படி சொல்வது என்பது கருத்து. 'கற்றார்முன் கற்ற செலச்சொல்லு வார்' என்கிறது 722ஆம் குறள். படித்தவர்கள் முன் தான் படித்ததை அவர்கள் ஏற்கும்படி சொல்பவர் என்று அர்த்தம். இந்த இடங்களில் பேச்சின் வெற்றி கேட்பவர் பக்கம் நின்று அளக்கப்படுகிறது. லத்தீன் சொல்லில் சக்தி மேலிருந்து பாய்கிறது, கேட்பவர் வெறுமனே நனைகிறார். தமிழ்ச் சொல்லில் கேட்பவர் வாங்கிப் பார்த்து, சரியென்றால் ஏற்றுக்கொள்கிறார். சமூக ஊடக வியாபாரம் உண்மையில் நடக்கும் விதத்துக்கு இதுதான் நெருக்கம்.

எப்படி நெருக்கம் என்பதற்கு ஒரு வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். இளம்பிள்ளையிலோ சின்னாளப்பட்டியிலோ சேலைக்கடை வைத்திருப்பவர் இன்ஸ்டாகிராமில் விற்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்பாக்ஸில் பேரம் நடக்கும். 'ஒரு ரீல், ரெண்டு ஸ்டோரி, ஸ்டோரியில லிங்க் போட்டுடறேன்ணா. பாதி அட்வான்ஸ், மீதி போஸ்ட் போட்டதும்.' பணம் கேட்காதவர்கள் சேலையை வைத்துக்கொள்வார்கள், அதற்குப் பெயர் பார்ட்டர். விவரமான கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கூப்பன் கோட் கொடுப்பார். வாங்குபவருக்குத் தள்ளுபடி கிடைக்கும், யார் சொல்லி எத்தனை சேலை போனது என்பது கடைக்காரருக்கும் தெரிந்துவிடும்.

கோட் கணக்குக்கு முன்பே கமென்ட் பகுதி கதையைச் சொல்லிவிடும். மூன்று லட்சம் பேர் பின்தொடரும் நடனக்காரர் அந்தச் சேலை கட்டி ஆடினால் கீழே தீ எமோஜியும் 'செம்ம தலைவி'யும் குவியும். எட்டாயிரம் பேர் மட்டுமே பின்தொடரும் ஒரு டீச்சர் அதே சேலையை மடித்துக் காட்டினால் கேள்வியே வேறு. 'அக்கா, துவைச்சா சாயம் போகுமா?' 'ப்ளவுஸ் பிட் இருக்கா?' 'இதே பார்டர்ல மயில் கழுத்து கலர் கிடைக்குமா?' அவரும் பதில் போடுவார்: 'ரெண்டு தடவை துவைச்சிட்டேன்மா, முந்தானை ஓரத்துல மட்டும் லேசா இறங்குச்சு. முதல் தடவை உப்புத் தண்ணியில ஊறப்போடுங்க.' கெடுதலையும் மறைக்காத இந்தப் பதில்தான் சேலையை விற்கிறது. நடனக்காரர் பிரபலம், டீச்சருக்கு இருப்பது செல்வாக்கு.

விளம்பரத் துறையில் இந்தப் பதிலாடலை 'என்கேஜ்மென்ட்' என்பார்கள். லைக், கமென்ட் ஆகியவற்றைக் கூட்டிப் பின்தொடர்பவர் எண்ணிக்கையால் வகுத்து விழுக்காடாகச் சொல்வது வழக்கம். பின்தொடர்பவர்களைக் காசுக்கு வாங்க முடியும் என்பதால் வந்த கணக்கு அது. கமென்டையும் காசுக்கு வாங்கலாம் என்பது வேறு கதை.

செல்லும் வாக்கு விலைக்குப் போகிறது என்றால், அதைக் கேட்பவரிடம் சொல்லிவிட வேண்டாமா? இந்திய விளம்பரத் தரக் கழகமான ஆஸ்கியின் நெறிமுறைகள் 2021 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தன. 15 விநாடிக்குள் முடியும் வீடியோவில் விளம்பரம் என்ற குறிப்பு குறைந்தது 3 விநாடி தெரிய வேண்டும். அதற்கு மேல், 2 நிமிடத்துக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம். குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம், அல்லது அந்த வீடியோவின் மொழியிலேயே இருக்கலாம். ஆகவே தமிழ் வீடியோவில் 'விளம்பரம்' என்று தமிழில் போட்டாலே போதும். விளம்புதல் என்றால் வெளிப்படச் சொல்லுதல், இதைவிடப் பொருத்தமான லேபிள் கிடைக்காது. ஆனாலும் நம் ஆட்கள் 'கொலாப்' (கொலாபரேஷன், அதாவது கூட்டு) என்று ஓரமாக ஆங்கிலத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பார்ட்டர் சேலைக்கும் கணக்கு உண்டு. ஓராண்டில் கிடைக்கும் பொருட்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 விழுக்காடு வரிப்பிடித்தம் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் வந்தது. பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது வருமானம் ஆகாது.

அமெரிக்காவில் தொகைகளே வேறு. 2022 அக்டோபரில் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் 12,60,000 டாலர் கட்டி ஒரு வழக்கைத் தீர்த்துக்கொண்டார். ஒரு கிரிப்டோ நாணயத்தைப் பற்றி இன்ஸ்டாகிராமில் எழுத அவர் வாங்கியது 2,50,000 டாலர். அந்தத் தொகையை வெளியிடவில்லை என்பதுதான் பங்குச்சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டு.

இனி சொல்தேர்வு. 'தாக்கம் ஏற்படுத்துபவர்' ஒரு சொல்லே இல்லை, வாக்கியத்தின் துண்டு. தாக்கம் புயலுக்கும் பொருந்தும், வரி உயர்வுக்கும் பொருந்தும். 'பிரபலம்' ஏன் போதாது என்பதை டீச்சரின் சேலையே சொல்லிவிட்டது. 'செல்வாக்காளர்' இலக்கணப்படி சரிதான், பேச்சாளர் எழுத்தாளர் போல. ஆனால் காதில் 'வாக்காளர்' விழுந்து, யாரோ செல்போனில் ஓட்டுப் போடுகிறவர் போல ஒலிக்கிறது. தேர்தல் நேரத்தில் 'சமூக ஊடகச் செல்வாக்காளர்கள்' என்று தலைப்பு வந்தால் குழப்பம் உறுதி.

அதனால் நான் எழுதுவது 'செல்வாக்கர்'. சுருக்கம், ஆண்பால் பெண்பால் பிரச்சினை இல்லை, பன்மைக்குச் செல்வாக்கர்கள். முதல் தடவை வரும்போது 'சமூக ஊடகச் செல்வாக்கர்' என்று முழுதாக எழுதி, அப்புறம் 'செல்வாக்கர்' என்று விட்டுவிடலாம். வாக்கு வடசொல்லாயிற்றே என்று யாராவது சண்டைக்கு வந்தால், வாக்குறுதி, அருள்வாக்கு, வாக்குச்சீட்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டு வரும்படி கேட்டுக்கொள்வேன்.

பக்கத்துச் சொற்களை இதோடு கலக்காமல் இருப்பது நல்லது. ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு அதன் முகமாக நிற்பவர் 'விளம்பரத் தூதர்', பெரும்பாலும் நடிகரோ கிரிக்கெட் வீரரோ. லிங்க் வழியாக விற்றதற்குக் கமிஷன் வாங்குபவரை அஃபிலியேட் என்கிறார்கள், 'தரகர்' என்றால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அர்த்தம் அதுதான். பங்கு, மியூச்சுவல் ஃபண்டு பற்றிப் பேசும் ஃபின்ஃப்ளூயன்சரை 'நிதிச் செல்வாக்கர்' எனலாம். தன்னிடம் பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை சொல்பவர்களோடு தன் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்கள் கூட்டு வைக்கக் கூடாது என்று இந்தியப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024இல் விதி கொண்டுவந்தது. அந்த வகையினரைப் பற்றி எழுதும்போது மட்டும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் 'ஆலோசகர்' என்றும் இல்லையென்றால் 'நிதிச் செல்வாக்கர்' என்றும் எழுதுங்கள்.